அப்பாவின் காதும் ஒரு மஞ்சள் வயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் தன் டிவிடி பிளேயரை ஹோம் தியேட்டர் ரிசீவரோடு (ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இணைத்திருப்பதாகவும், சுற்றிலும் ஸ்பீக்கர் இருந்தும் வசனம் மட்டும் தெளிவாகக் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார். டிவிடியின் காலம் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்குப் பதில் வந்திருந்தது. படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் எழுதிய அதே குறை எங்கள் வீட்டில் நான்கு வருடம் இருந்தது. அந்த நான்கு வருடமும் நாங்கள் கருவியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் அப்பாவின் காதுதான் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தோம்.

அப்பாவுக்கு இப்போது 86 வயது. படம் பார்ப்பதில் அவருக்கு இருக்கும் ஆசை எங்கள் யாருக்கும் கிடையாது. அவர் சேர்த்து வைத்திருக்கும் டிவிடிகளே ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அவருக்காகத்தான் ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் அடி ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் வாங்கினோம். பொருத்திக் கொடுக்க வந்தவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து, எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்கச் சொன்னார். வந்தது. ரிசீவரின் முகப்பில் 'மல்டி சேனல் ஸ்டீரியோ' என்று எழுத்து ஓடியது. அப்புறம் என்ன சந்தேகம் வரும்?

முதல் மாதத்திலிருந்தே அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா சொன்னான் அவன்?" நான் சொல்வேன். அடுத்த காட்சியில் மறுபடியும் கேட்பார். சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கும். குறைத்தால் பேச்சு கேட்காது. ரிமோட் என் கையிலேயே இருக்கும். காது மருத்துவரிடம் காட்டினோம். வயதுக்கு உண்டான குறைவு இருக்கிறது, இப்போதைக்குக் காதுக் கருவி வேண்டியதில்லை என்று சொன்னார். இரண்டாம் வருடத்தில் அப்பா கேட்பதை நிறுத்திக்கொண்டார். மூன்றாம் வருடத்தில் படம் பார்க்க வந்து உட்காருவதும் குறைந்துவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் ராத்திரி தலைமாட்டில் ரேடியோவை மெலிதாக வைத்துக்கொண்டு அவர் செய்தி கேட்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை தவறாமல் காலையில் எனக்குச் சொல்வார். ரேடியோவில் கேட்கிற காது படத்தில் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்ற நான்கு வருடம் ஆயிற்று.

நான் மின்னணுத் துறை ஆள் இல்லை. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கு ஒட்டவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பதிவாக டிக் போட்டுக்கொண்டே வருவது. அன்றைக்கும் அதையே செய்தேன். கருவிகளை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, டார்ச் லைட்டோடு அலமாரிக்குப் பின்னால் போனேன். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, வயர் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன்.

பிளேயரிலிருந்து எச்டிஎம்ஐ வயர் நேரே டிவிக்குப் போனது. அது படத்துக்கு. (எங்கள் ரிசீவர் பழைய மாடல், அதில் எச்டிஎம்ஐ கிடையாது.) பிளேயரிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர்கள் ரிசீவருக்குப் போயின. அது ஒலிக்கு. ஸ்பீக்கர் வயர்கள் ஐந்து ஜோடி, சப்வூஃபருக்கு ஒன்று. எல்லாம் சரி. கடைசியில் ஒரே ஒரு வயர் மிஞ்சியது. சிவப்பு, வெள்ளையோடு ஒட்டிப் பிறந்த மஞ்சள் வயர். பிளேயரோடு பெட்டியில் வரும் மூன்று தலை வயரில் மூன்றாவது. இரண்டு முனையும் எதிலும் செருகப்படாமல் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தன. என் தாளில் அதற்கு இரண்டு பத்தியும் காலி.

பிறகுதான் பயனர் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்து. இரண்டு நாள் ஆயிற்று. படித்துப் புரிந்துகொண்டதை அந்த வாசகருக்காக என் பாஷையில் சொல்கிறேன்.

சிவப்பு வயர் வலது பக்கத்து ஒலியைக் கொண்டுபோகும். வெள்ளை, இடது பக்கத்து ஒலியை. அவ்வளவுதான். இரண்டு வயர், இரண்டு சேனல். ஆனால் 5.1 என்று போட்ட டிவிடியில் தனித்தனியாக ஆறு சேனல் பதிவாகியிருக்கிறது: முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இடது, வலது, அப்புறம் அந்த '.1' என்பது அடி ஒலிக்கு மட்டுமான ஆறாவது சேனல், 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். இந்த ஆறையும் இறுக்கி ஒரே டிஜிட்டல் பொட்டலமாகக் கட்டி வட்டில் எழுதியிருப்பார்கள். அப்படிக் கட்டும் முறைகளில் டால்பி டிஜிட்டல் ஒன்று, டிடிஎஸ் இன்னொன்று. டால்பி டிஜிட்டல் என்றால் டிவிடியில் அது வினாடிக்கு 448 கிலோபிட்டைத் தாண்டாது. சிவப்பு வெள்ளை வழியாக அனுப்பச் சொன்னால் பிளேயர் தானே பொட்டலத்தைப் பிரித்து, ஆறு சேனலையும் இரண்டாகக் கலந்துதான் அனுப்பும். நடு ஸ்பீக்கருக்கென்று எழுதப்பட்ட வசனம் அந்த இடத்திலேயே இசையோடும் சத்தங்களோடும் கலந்துவிடுகிறது. கலந்ததை அப்படியே பழையபடி பிரித்தெடுக்க எந்த ரிசீவராலும் முடியாது.

அப்படியானால் எல்லா ஸ்பீக்கரிலும் எப்படிச் சத்தம் வந்தது? 'மல்டி சேனல் ஸ்டீரியோ' என்ற அந்த எழுத்துக்கு அர்த்தம், வந்த இரண்டு சேனலையே எல்லா ஸ்பீக்கருக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறேன் என்பது. நான்கு பேர் கூடி நின்று பாட்டுக் கேட்கும்போது அது சரி. படத்துக்கு அது ஆகவே ஆகாது. ஒரே வசனம் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலுமாக ஐந்து இடத்திலிருந்து கொஞ்சம் முன்பின்னாகக் காதுக்கு வந்து சேருகிறது. ஒலி ஒரு மில்லி வினாடியில் போவது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான். முன் ஸ்பீக்கர் மூன்று மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மில்லி வினாடிக்கு மேல் வித்தியாசம். இளசுகளின் காது அதைச் சமாளித்துவிடும். வயதான காதுக்கு அது வெறும் இரைச்சல்.

ஆறு சேனல் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பத் தனி வழி இருக்கிறது. பிளேயரின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் 'கோஆக்சியல்' என்று ஒரு துளை. பார்க்க சிவப்பு வெள்ளைத் துளை மாதிரியேதான் இருக்கும். அதற்கு 75 ஓம் வயர் வேண்டும் என்று கையேடு சொல்கிறது. படம் கொண்டுபோவதற்கென்று கொடுக்கும் மஞ்சள் வயரும் 75 ஓம்தான். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். வேண்டிய வயர் நான்கு வருடமாகப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

செருகினேன். சத்தமே வரவில்லை. ரிசீவரில் மஞ்சள் வயரைச் செருகிய துளைக்கு மேலே பொடி எழுத்தில் 'சிடி' என்று இருந்தது. நான் ரிமோட்டில் 'டிவிடி' பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் துளை ஒவ்வொன்றும் எந்தப் பொத்தானோடு சேர்ந்தது என்பது ரிசீவரின் மெனுவுக்குள் இருக்கிறது. அங்கே போய் அந்தத் துளையை டிவிடிக்கு மாற்றினேன். சத்தம் வந்தது. ஆனால் முகப்பில் 'பிசிஎம்' என்று காட்டியது. பிசிஎம் என்றால் பிளேயர் இன்னமும் தானே பொட்டலத்தைப் பிரித்து இரண்டு சேனலாக்கித்தான் அனுப்புகிறது என்று அர்த்தம். வழி புதியது, சரக்கு பழையது.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் விட்டிருப்பேன். வட்டை நிறுத்திவிட்டு (ஓடும்போது எங்கள் பிளேயர் உள்ளே விடாது) பிளேயர் ரிமோட்டில் 'செட்டப்' அழுத்தி, ஆடியோ பகுதிக்குப் போய், டிஜிட்டல் அவுட்புட் என்ற வரியில் பிசிஎம்மிலிருந்து 'பிட்ஸ்ட்ரீம்' (பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்ற வேண்டும். சில பிளேயரில் இதையே 'ரா' என்று போட்டிருப்பார்கள். டிடிஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு வரி இருந்து, அது 'ஆஃப்' என்று இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வாங்கும்போதே பிசிஎம் என்று வைத்து அனுப்பியதில் காரணம் இல்லாமல் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாத கருவிக்கு பிட்ஸ்ட்ரீமை அனுப்பினால் ஒன்றுமே வராது, இல்லையென்றால் வெறும் இரைச்சல் வரும். பிசிஎம் எல்லாக் கருவிக்கும் ஒத்துப்போகும். ஆனால் அதை மாற்றினால்தான் ஆறு சேனலும் வரும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்துகிடக்கிறது.

மாற்றிவிட்டு வட்டை ஓட விட்டேன். வட்டின் மெனுவிலும் ஆடியோ என்ற இடத்தில் 5.1ஐத் தேர்ந்தெடுத்தேன், பல வட்டுகளில் இரண்டு சேனலும் ஆறு சேனலும் தனித்தனியாக இருக்கும். ரிசீவருக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். முகப்பில் பிசிஎம் போய் 'டால்பி டிஜிட்டல்' வந்தது. அதன் பக்கத்தில் அதுவரைக்கும் நான் பார்த்தே இராத குட்டிக் குட்டிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன: எல், சி, ஆர் (முன்னால் இடது, நடு, வலது), கீழே எஸ்எல், எஸ்ஆர் (பின்னால் இடது, வலது), ஓரத்தில் எல்எஃப்இ (அடி ஒலி). ஆறும் எரிந்தன. நடுவில் அந்த 'சி' எரிந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. பழக்கத்தில் சத்தத்தை எப்போதும்போல 52இல் வைத்தேன். படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், அப்பா என் பக்கம் திரும்பினார். வழக்கமான கேள்விதான் வரப்போகிறது என்று நினைத்தேன். "எதுக்கும்மா இவ்வளவு சத்தம்? கொஞ்சம் குறையேன்" என்றார். 40க்குக் குறைத்தேன். படம் முடியும்வரை ஒரு தடவைகூட என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த சில நாள் நான் வேறு சிலதையும் சரி செய்தேன். நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே தரையோடு கிடந்தது. அதன் முகம் உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கும்படி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். டேப் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் அப்பாவின் நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து ரிசீவரில் பதிந்தேன். அருகில் இருக்கும் ஸ்பீக்கரை அது அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி செய்கிறது. டெஸ்ட் டோன் போட்டு எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டி வைத்தேன். இப்படிச் செய்வது இலக்கண சுத்தம் இல்லை என்று சொல்வார்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் செய்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்வேன். ராத்திரியில் பார்க்கும்போது ரிசீவரில் 'நைட் மோட்' போட்டால் வெடிச் சத்தம் அடங்கி, தாழ்ந்த பேச்சு மேலே வரும்.

அப்பாவுக்குப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் ஆறு சேனல் கிடையாது. படம் எடுத்தபோதே ஒரே சேனல்தான். அதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். அப்போது 'புரோ லாஜிக்' என்ற முறைக்கு மாற்ற வேண்டும். இடதிலும் வலதிலும் ஒன்றாக வரும் ஒலியை அது நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும். பேச்சு ஐந்து பக்கம் சிதறாமல், திரையில் வாய் அசையும் இடத்திலிருந்தே வரும். மல்டி சேனல் ஸ்டீரியோவை இப்போது நாங்கள் தொடுவதே இல்லை.

ரிசீவரில் கோஆக்சியல் இல்லாமல் ஆப்டிகல் மட்டும் இருப்பவர்கள் உண்டு. தோஷிபா 1983இல் கொண்டுவந்த வழி அது. வெளிச்சத்தால் ஒலி போகிறது. மின்சாரத் தொடர்பே இல்லாததால், சிலர் வீட்டில் வயர் வழியாக வரும் 'ம்ம்ம்' என்ற உறுமல் இதில் வராது. புது ஆப்டிகல் வயரின் முனையில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு குட்டி மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகப் பார்த்து, போகவில்லையே என்று அழுத்தக் கூடாது. ஒரு முனையைப் பிளேயரில் செருகி ஓட விட்டால் மறுமுனையில் சிவப்பாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும். தெரிந்தால் அந்த வயரைப் பற்றிக் கவலை இல்லை. வயரை மடக்கி ஒடிக்கக் கூடாது.

ரிசீவரிலும் எச்டிஎம்ஐ இருந்தால் பிளேயரிலிருந்து அதற்குப் போட்டு, அதிலிருந்து டிவிக்கு இன்னொன்று போடுவது எளிது. படமும் ஒலியும் ஒரே வயரில் போய்விடும். ஆனால் எச்டிஎம்ஐ வந்த புதிதில் செய்த சில ரிசீவர்கள் அதில் வரும் படத்தை மட்டும் டிவிக்குக் கடத்திவிட்டு ஒலியை எடுத்துக்கொள்வதில்லை. அவற்றுக்கு ஒலிக்கென்று தனியாகக் கோஆக்சியலோ ஆப்டிகலோ போட வேண்டும். பிளேயரை டிவியில் மாட்டி, டிவியிலிருந்து ஆப்டிகல் வழியாக ரிசீவருக்கு எடுப்பதும் பலர் வீட்டில் இருக்கிறது. பல டிவிகள் அப்படி வெளியே கொடுக்கும்போது இரண்டு சேனலாக்கித்தான் கொடுக்கின்றன. முகப்பு என்ன காட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று: ரிசீவரில் 'ஃபோனோ' என்று இருக்கும் துளை இசைத்தட்டு சுழலும் கருவிக்கு மட்டும். டிவிடியை அதில் செருகினால் ஒலி கரகரவென்று சிதையும்.

ஐயா, இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 1996 நவம்பரில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அன்று முதல் எத்தனையோ வீடுகளில் ஆறு சேனல் ஒலி வட்டில் இருந்தும் வாசல் தாண்டி வராமலே கிடக்கிறது. அந்த வீடுகளில் யாரோ ஒரு பெரியவர் என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், யாரோ ஒருவர் சலித்துக்கொண்டு பதில் சொல்கிறார். கருவியைச் செய்கிறவர்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, 'முகப்பில் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று வராவிட்டால் உங்களுக்குக் கேட்பது இரண்டு சேனல்தான்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட வேண்டும். அதைத் தமிழிலும் போட வேண்டும். பொருத்திக் கொடுக்க வருகிறவர்கள் சத்தம் வருகிறதா என்று காது வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்தக் கட்டங்கள் ஆறும் எரிகின்றனவா என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். உங்கள் பத்திரிகையும் அரைப் பக்கம் ஒதுக்கி, எந்த நிற வயர் எந்தத் துளைக்கு என்று ஒரு படம் போட்டால் கத்தரித்து அலமாரிக்குப் பின்னால் ஒட்டிவைக்க நான் தயார். என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

அந்த வாசகர் இன்னும் எதையும் கொடுத்துவிடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள். முதலில் கருவியை அணைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் வயர் சும்மா தொங்கினால் அதையே ஆரஞ்சுத் துளையில் செருகலாம். படத்துக்கு அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தால் அதே போல இன்னொன்று தனியாக வேண்டும். ஒரு முனை பிளேயரின் கோஆக்சியல் அவுட், மறுமுனை ரிசீவரின் கோஆக்சியல் இன். மாற்றிச் செருகிவிட வேண்டாம். பிட்ஸ்ட்ரீம் மாற்றியும் முகப்பில் பிசிஎம்தான் வருகிறது என்றால் வட்டின் ஆடியோ மெனுவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் உங்கள் முகவரிக்கு எழுதட்டும், எனக்குத் தெரிந்த வரையில் நான் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்காளர்